ஏலகிரியில் ஒரு மார்கழி சனிக்கிழமை

பனி உறைந்த ஏரி, எரிமலை பூமி என்றெல்லாம் சினிமாவில் பார்த்து ஏங்குகிறோம். ஜோலார்பேட்டைக்காரனான எனக்கு அதில் பாதி பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் ஏலகிரி மலை. 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் கபிலர், பாரி என்று புலவர், வள்ளல் பெயர்கள்.

ஏலகிரி எரிமலை இல்லை. ஆனால் நெருப்பில் பிறந்ததுதான். சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலிருந்து மேலெழுந்த பாறைக்குழம்பு, தரையை எட்டுமுன் உள்ளேயே நின்று ஆறிவிட்டது. பொறுமையாக ஆறியதால் படிகங்கள் பெரிதாக வளர்ந்தன. மேலிருந்த மண்ணும் பாறையும் காலப்போக்கில் அரித்துப்போக, இன்று மலையாக நிற்கிறது. சாலையோரம் உடைந்த கல்லைக் கையிலெடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். வெளிறிய பரல்கள் மின்னும். பார்க்கப் பொரிவிளங்காய் உருண்டை மாதிரி இருக்கும்! இந்தப் பாறையின் பெயர் சயனைட் (syenite).

மலைமேல் இருக்கும் புங்கனூர் ஏரி உறையாது. அது வெட்டிக் கட்டிய ஏரி. ஆனாலும் கீழேயுள்ள ஊரைவிட மலை சுமார் 700 மீட்டர் உயரம் என்பதால் நாலைந்து டிகிரி குறையும். விடிகாலையில் தண்ணீர்மேல் பனிமூட்டம் அசையாமல் கிடக்கும்போது படகுத்துறையே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. சனிக்கிழமை காலையிலேயே ஏறிவிடுங்கள். இறங்கும்போது வண்டியைக் கட்டாயம் குறைந்த கியரில் வையுங்கள்.