தரவு மையத்தின் மின்கணக்கு

சர்வர்களையும் சேமிப்புக் கருவிகளையும் இரவுபகல் நிறுத்தாமல் ஓட்டுவதற்கென்றே கட்டப்படும் கட்டடம் தரவு மையம். வங்கிக் கணக்கு, மின்கட்டண ரசீது, மருத்துவமனைப் பதிவேடு, நிலப் பட்டா என்று நிறுவனங்களும் அரசுத் துறைகளும் காக்கவேண்டிய பதிவுகள் இங்கேதான் இருக்கின்றன. பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் காடாம்புலியூரில் ஒரு முந்திரி வியாபாரி க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் அனுப்பினால், அனுப்புபவரின் வங்கி, பெறுபவரின் வங்கி, இடையில் நிற்கும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் என எல்லாருடைய சர்வர்களிலும் சில நொடிக்குள் பதிவு விழுகிறது. 2023 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யு.பி.ஐ. வழியாக 1,000 கோடிக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. இப்படிச் சேரும் குவியலைத்தான் பெருந்தரவு என்கிறார்கள்.

பணப்பட்டுவாடா விவரங்கள் இந்தியாவுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. இங்கே தரவு மையங்கள் பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் சென்னைக்கு அதில் பெரிய பங்கு கிடைத்தது. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இன்று வரிசையாக இத்தகைய கட்டடங்கள் நிற்கின்றன. தமிழக அரசு 2021-ல் தரவு மையங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது.

உள்ளே சர்வர்கள் ஆளுயரத்துக்கும் மேலான இரும்பு ரேக்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சர்வரும் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாக வெளியேற்றும். சர்வருக்குள் போகும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகிறது. ஆகவே ரேக்குகளின் முகங்கள் எதிரெதிராக இருக்கும்படி வரிசைப்படுத்தி, முகங்களுக்கு நடுவில் குளிர்ப் பாதை, முதுகுகளுக்கு நடுவில் வெப்பப் பாதை என்று பிரித்துவிடுகிறார்கள். ரேக்கில் ஓர் இடம் காலியாக இருந்து, அதைத் தகடு வைத்து மூடாமல் விட்டால் போதும். பின்பக்கச் சூடு அந்த இடுக்கு வழியே முன்பக்கம் வந்து, மேலே உள்ள சர்வருக்குள் மறுபடி போகும். அதைச் சரிக்கட்டக் கூடம் முழுவதையும் கூடுதலாகக் குளிர்விக்கவேண்டி வரும். விலை குறைந்த ஒரு பிளாஸ்டிக் தகடு அந்த மின்சாரத்தை மிச்சப்படுத்திவிடும். சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருந்தால் போதும் என்பது இன்றைய பரிந்துரை. உள்ளே போனால் ஸ்வெட்டர் தேடவைக்கும் கூடங்கள் தேவையே இல்லை.

இந்தச் செலவை அளக்கும் அளவுகோல் பி.யு.இ. 2007 முதல் பரவலாகப் புழங்குகிறது. கட்டடம் இழுக்கும் மொத்த மின்சாரத்தை, கணினிக் கருவிகளுக்குப் போய்ச் சேரும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. 1 என்பது எட்டமுடியாத இலட்சியம். உலகச் சராசரி 1.6-ஐ ஒட்டியே நிற்கிறது. கூகுளின் மையங்கள் 1.1 அளவுக்கு வந்துவிட்டன. சென்னைக்கு அது எளிதல்ல. குளிர்நாடுகளில் ஜன்னலைத் திறந்தாற்போல வெளிக்காற்றையே உள்ளே விடலாம். இங்கே ஆண்டின் பெரும்பகுதி அது நடக்காது. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கலாம் என்றால், கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். 2019 கோடையில் ஏரிகள் வறண்ட நகரத்தில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது என்ற கேள்வியும் உண்டு.

ஒரு மெகாவாட் கணினிச் சுமை நாளொன்றுக்கு 24,000 யூனிட் எடுக்கும். பி.யு.இ. 1.5 என்றால் கட்டடத்தின் மொத்தச் செலவு 36,000 யூனிட்; 1.3 என்றால் 31,200. வித்தியாசம் 4,800 யூனிட். நெய்வேலி அனல்மின் நிலையங்களில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. அந்தக் கணக்கில் ஒரே மெகாவாட்டில் தினமும் ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகும். நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்கள் சுரங்கத்துக்காக வயலையும் வீட்டையும் கொடுத்தவை. அங்கே இந்த ஐந்து டன் வெறும் எண் அல்ல.

ஆனால் பி.யு.இ. ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே. சும்மா நிற்கும் சர்வரும் கணிசமாக மின்சாரம் இழுக்கும். அளவுகோல் அதையும் பயனுள்ள செலவாகவே எண்ணும். அப்படிப்பட்ட நூறு சர்வர்களை அணைத்தால் மின்கட்டணம் குறையும், பி.யு.இ. எண்ணோ மோசமாகத் தெரியலாம். ஒரு சர்வரைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரித்து, பத்து இயந்திரத்தின் வேலையை ஒன்றில் ஓட்டுவதுதான் நிறுவனங்களுக்கு உண்மையில் பெரிய மிச்சத்தைத் தந்தது.

சேமிப்பிலும் இதே கதைதான். பல நிறுவனங்களில் தரவின் பெரும்பகுதி எழுதப்பட்ட சில வாரங்களுக்குப் பிறகு யாரும் திறக்காதது. அடிக்கடி தேவைப்படுவதை எஸ்.எஸ்.டி.யிலும், எப்போதாவது தேவைப்படுவதை ஹார்ட் டிஸ்கிலும், சட்டத்துக்காக மட்டும் காக்கவேண்டியதைக் காந்த நாடாவிலும் வைப்பது முறை. ஹார்ட் டிஸ்க் யாரும் கேட்காதபோதும் சுழன்றுகொண்டிருக்கும். அலமாரியில் இருக்கும் நாடாவுக்கு மின்சாரமே வேண்டாம்.

டிஸ்க் பழுதாவது அன்றாட நிகழ்ச்சி என்பதால் பிரதிகள் கட்டாயம். ஹடூப் போன்ற பெருந்தரவு அமைப்புகள் ஒவ்வொன்றையும் வழக்கமாக மூன்று பிரதி வைக்கும். 100 டெராபைட்டுக்கு 300 டெராபைட் இடம் வேண்டும். மாற்று வழி கணிதத்தில் இருக்கிறது. தரவைப் பத்துத் துண்டாக்கி, அவற்றிலிருந்து கணக்கிட்ட நான்கு துண்டுகளைச் சேர்த்துப் பதினான்கு டிஸ்குகளில் வைத்தால், எந்த நான்கு போனாலும் மீட்டுவிடலாம். இடமோ 140 டெராபைட் போதும். 1960-ல் ரீடும் சாலமனும் வகுத்த முறை இது. கடைச் சுவரில் ஒட்டிய க்யூஆர் கோடு கொஞ்சம் அழுக்கேறிக் கிழிந்தாலும் ஸ்கேன் ஆவதற்குக் காரணமும் இதே கணிதம். இழந்ததைத் திரும்பக் கணக்கிட நேரமாகும் என்பதால், அவசரமாகத் தேவைப்படும் தரவுக்கு இன்னும் மூன்று பிரதிதான்.

கட்டடமே முடங்கினால் இவை எதுவும் உதவாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது பண்ருட்டி வட்டாரத்தின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஊர்கள் பல நாள் மின்சாரமின்றிக் கிடந்தன. யு.பி.எஸ். மின்கலங்கள் சில நிமிடமும், டீசல் ஜெனரேட்டர்கள் எரிபொருள் வந்துகொண்டிருக்கும் வரையும்தான் தாங்கும். அதனால் சென்னைப் பெருங்குடியில் உள்ள மாநிலத் தரவு மையத்துக்குக் கடலோரம் அல்லாத திருச்சியில் மாற்று மையம் உண்டு. தூரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி அங்கே போய்த் திரும்ப மூன்று மில்லிநொடிக்கு மேலாகும். ஒவ்வொரு பதிவுக்கும் அவ்வளவு காத்திருந்தால் வேலை மந்தமாகும். காத்திராமல் அனுப்பினால், விபத்து நேரத்தில் கடைசிச் சில நொடிப் பதிவுகள் போய்விடலாம். ஒரு நொடிகூட இழக்கக்கூடாத வங்கிகள் பக்கத்தில் ஒன்று, தொலைவில் ஒன்று என இரண்டு மாற்று மையங்கள் வைத்து, அவ்வப்போது முதன்மை மையத்தை வேண்டுமென்றே விலக்கி, மாற்று மையத்திலேயே வேலையை ஓட்டிச் சோதிக்கின்றன.