ஒரு தடவை அழுத்தினால் 4 வருகிறது!

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. மாணவன் ஒருவன் எண்ணும் கருவி செய்கிறான். பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் 1 வர வேண்டும். மறுபடி அழுத்தினால் 2 வர வேண்டும்.

ஆனால் வருவதோ 4! அடுத்த தடவை 9!

"ஐ.சி. கெட்டுவிட்டது" என்று நினைக்கிறான். அப்பாவிடம் காசு வாங்கி, புது ஐ.சி. மாட்டுகிறான். அதுவும் அப்படியே! இன்னொன்று மாட்டுகிறான். அதுவும் அப்படியே!

ஐ.சி.யின் மேல் குற்றமே இல்லை. குற்றவாளி, பொத்தான்!

துள்ளும் தகடு

எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தால் உடனே அடங்குவது இல்லை. 'டண டண' என்று அதிர்ந்த பிறகுதான் அடங்கும்.

பொத்தானுக்கு உள்ளேயும் இதுதான் நடக்கிறது. அழுத்தியதும் ஓர் உலோகத் தகடு இன்னொன்றில் மோதுகிறது. துள்ளுகிறது. மறுபடியும் மோதுகிறது. மின்சாரம் விட்டு விட்டுப் பாய்கிறது.

பெரும்பாலும் ஒரு விநாடியில் 100-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் துள்ளல் அடங்கிவிடும். வீட்டு விளக்கில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 74எல்.எஸ்.90 என்ற எண்ணும் ஐ.சி., விநாடிக்கு 1 கோடி துடிப்புகளைக்கூட எண்ண வல்லது. அது துள்ளலையும் விடாமல் எண்ணிவிடுகிறது!

தாழ்ப்பாள் போடுங்கள்

மாடிப்படி விளக்குக்குப் போடும் இருவழி சுவிட்சைப்போல, 3 முனைகள் உள்ள சிறிய சுவிட்சு வேண்டும். கூடவே 74எல்.எஸ்.00 என்ற ஐ.சி. அதில் 4 'நாண்ட்' வாயில்கள் உண்டு. இரண்டு போதும்.

ஒவ்வொரு வாயிலின் வெளியீட்டையும் மற்றதன் ஓர் உள்ளீட்டில் இணைக்க வேண்டும். மிச்சம் உள்ள 2 உள்ளீடுகளையும் சுவிட்சின் இரு ஓர முனைகளோடு சேர்க்க வேண்டும். அந்த இரண்டுக்கும் 5 வோல்ட்டில் இருந்து தலா 1,000 ஓம் மின்தடை. சுவிட்சின் நடு முனை, மின்சாரத்தின் 'மைனஸ்' பக்கம்.

இது தாழ்ப்பாள் மாதிரி. தாழ் விழுந்த பிறகு கதவு ஆடினாலும் திறக்காது. தகடு துள்ளினாலும் எதிர் முனைவரை போவது இல்லை. ஆகவே, எண்ணுவது ஒரே தடவைதான்.

தொட்டி வைக்கலாம்

சாதாரணப் பொத்தான்தான் இருக்கிறதா? அதற்கும் வழி உண்டு. 5 வோல்ட்டில் இருந்து 10,000 ஓம் மின்தடை வழியாகப் பொத்தானுக்கு மின்சாரம் கொடுங்கள். பொத்தானின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1 மைக்ரோபாரட் கண்டென்சரை வையுங்கள்.

கண்டென்சர் ஒரு தொட்டி. பொத்தானை அழுத்தினால் சட்டென்று காலியாகும். நிரம்பவோ, விநாடியில் 100-ல் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். துள்ளும் இடைவெளியில் அது நிரம்பாது. இதன் பின்னால் 74எச்.சி.14 என்ற ஐ.சி.யை வைத்தால், 'காலி', 'நிறைவு' இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும். விரலை எடுத்ததும் எண் ஒன்று கூடும்.

கம்ப்யூட்டர் விசைப்பலகையிலும் துள்ளல் உண்டு. அதனால், துள்ளல் அடங்கும்வரை பொறுக்கும்படி அதன் உள்ளே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒரு எழுத்தைத் தட்டினால் மூன்று விழும்!

கருவி பொய் சொல்லவில்லை. கைக்கு வந்ததை எல்லாம் எண்ணியது. ஆகவே, ஐ.சி.யைத் தூக்கி எறியும் முன், பொத்தானை ஒரு தடவை சந்தேகியுங்கள். அப்பாவின் காசு மிச்சம்!