ஊசல் ஒன்றா, இரண்டா?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனையைச் செய்திருப்பீர்கள். நூலின் நீளத்தை மாற்றினால் அலைவு நேரமும் மாறுகிறது அல்லவா? 1 மீட்டர் ஊசல் ஒருமுறை அலைய ஏறக்குறைய 2 விநாடி ஆகும். 25 சென்டிமீட்டர் ஊசலுக்கு ஏறக்குறைய 1 விநாடியே போதும். இதே சோதனையைக் கணிப்பொறியில் செய்து பார்ப்போமா?

கணிப்பொறிக்கு ஊசல் என்றால் என்னவென்று தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும். "ஊசலுக்கு ஒரு நீளம் உண்டு. அலைவு நேரம் கேட்டால், அந்த நீளத்தை 9.8 ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 6.28 ஆல் பெருக்கிச் சொல்ல வேண்டும்." இந்த விவரிப்புக்குக் 'கிளாஸ்' என்று பெயர். தமிழில் இனக்குழு என்பர்.

இதை எழுதி முடித்ததும் கணிப்பொறிக்குள் எத்தனை ஊசல்கள் இருக்கும்? ஒன்றுகூட இராது! அச்சடித்த விண்ணப்பப் படிவத்தில் 'பெயர்', 'வயது' என்று கோடுகள் இருக்கும். ஆள் இருக்க மாட்டார். கிளாஸும் அப்படித்தான். படிவத்தை நிரப்பினால்தான் ஒரு விண்ணப்பம் உருவாகும்.

அந்த நிரப்பும் வேலையைச் செய்யும் கட்டளை இது:

அ = புதிய ஊசல் (1.00)
ஆ = புதிய ஊசல் (0.25)

முதல் வரியைக் கண்டதும் கணிப்பொறி மூன்று காரியங்களைச் செய்கிறது. நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்குகிறது. அங்கே நீளம் 1.00 எனக் குறித்துக்கொள்கிறது. பிறகு அவ்விடத்தைச் சுட்டும் பெயராக 'அ' வை வைக்கிறது. இப்படிப் பிறந்த ஊசல்தான் 'ஆப்ஜெக்ட்', அதாவது பொருள். இரண்டாம் வரியில் வேறோர் இடத்தில் வேறொரு பொருள் பிறக்கிறது. நீளம் ஒவ்வொன்றுக்கும் தனி. கணக்கிடும் முறையோ கிளாஸில் ஒருமுறை எழுதியதே எல்லாவற்றுக்கும் பொது.

இந்த எண்ணம் நார்வே நாட்டில் உருவானது. 1960-களில் ஆஸ்லோ நகரின் நார்வேஜியன் கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் இருவர், உலக நிகழ்ச்சிகளைக் கணிப்பொறியில் நடத்திப் பார்க்க ஒரு மொழி தேடினர். அவர்கள் படைத்த 'சிமுலா 67' மொழியில்தான் கிளாஸும் ஆப்ஜெக்டும் தோன்றின. பொருளைப் பிறப்பிக்க 'நியூ' என்ற சொல்லை அம்மொழி பயன்படுத்தியது. சி++, ஜாவா மொழிகளிலும் அச்சொல் உண்டு. பைத்தானில் அது தேவையில்லை. கிளாஸின் பெயரை அடைப்புக்குறியுடன் எழுதினாலே போதும். 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இவ்விருவருக்கும் அளிக்கப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. என் மாணவர் ஒருவர் பைத்தானில் ஒரு மீட்டர் ஊசலைப் படைத்தார். இன்னொரு ஊசலும் வேண்டுமென்று 'இ = அ' என்று எழுதி, இ-யின் நீளத்தை 0.25 ஆக்கினார். இரண்டு ஊசல்களும் 1 விநாடியே காட்டின! சூத்திரம் தவறோ, 9.8 தவறோ என்று ஒரு பிற்பகல் முழுதும் தேடினார். சூத்திரத்தில் பிழையே இல்லை.

பிழை எங்கே? வீட்டில் 'கண்ணன்', பள்ளிப் பதிவேட்டில் 'கோபாலகிருஷ்ணன்' என்று ஒரே பையனுக்கு இரு பெயர்கள் இருக்கலாம். கண்ணனுக்கு முடி வெட்டினால் கோபாலகிருஷ்ணன் தலையிலும் முடி குறையும்தானே? 'இ = அ' என்ற வரி புதிய ஊசலைப் படைக்கவில்லை; இருந்த ஊசலுக்கு இன்னொரு பெயர் சூட்டியது, அவ்வளவே. ஜாவாவிலும் இப்படித்தான்.

இப்போது தாளும் பென்சிலும் எடுங்கள்.

அ = புதிய ஊசல் (1.00)
ஆ = புதிய ஊசல் (1.00)
இ = ஆ

பிறகு ஆ-வின் நீளத்தை 0.25 ஆக்குகிறோம். அ, இ இரண்டும் எத்தனை விநாடி காட்டும்? ஊசல்கள் எத்தனை என்பதைப் படம் வரைந்து பாருங்கள். பெயர்களை எண்ணாதீர்கள், 'புதிய' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். விடை தானே கிடைக்கும்.