ஏழு பேர் ஏறும் வண்டி: யாருக்கு எந்த இடம்?

"ஏங்க, அந்த வண்டி எவ்வளவு உயரம்? அத்தையால ஏற முடியுமா?"

"186 குதிரை சக்தி!"

"சின்னவனோட பால் புட்டி, துணிப்பை எல்லாம் எங்கே வைக்கிறது?"

"நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஒன்பதரை செகண்டில் தொட்டுடும்!"

ஒரு மாதமாக எங்கள் வீட்டில் நடந்த உரையாடல் இது. நான் ஒன்று கேட்பேன். என் வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார். கையில் எப்போதும் அந்தக் கார் விளம்பரப் புத்தகம். சாப்பிடும்போதுகூட ரசம் சொட்டாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு படிப்பார்!

வண்டி வேறொன்றுமில்லை. டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ். 2005-ல் நம் ஊருக்கு வந்த இன்னோவாவை யாருக்குத்தான் தெரியாது? கல்யாணமா, கோயிலா, ஏர்போர்ட்டா, 'ஒரு இன்னோவா சொல்லிடுங்க' என்றுதானே பேச்சு! அந்தக் குடும்பத்தில் 2022-ல் பிறந்த புதுப் பிள்ளை இது. பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் தயாராகிறது. பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் 'ஹைபிரிட்' வண்டி.

சேலத்தில் இருக்கும் என் தம்பி இந்த வண்டியைத்தான் வாங்கியிருக்கிறான். லீவுக்குப் போனபோது ஏழு பேராக ஏற்காடு போய் வந்தோம். அந்த ஒரு நாளில் நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு மருமகள் உள்ள வீடு

ஹைபிரிட் என்றால் என்ன? தம்பி ஏதேதோ சொன்னான். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பி கலப்பது, பூ தொடுப்பது மாதிரி சின்ன வேலைகளை இளையவள் சத்தமில்லாமல் முடித்துவிடுவாள். மாவரைப்பது, பாத்திரம் தேய்ப்பது என்றால் மூத்தவள் வருவாள். பத்துப் பேருக்கு விருந்து என்றால் இருவருமாகக் கை கோத்துக்கொள்வார்கள். இந்த வண்டியில் இளையவள் மின் மோட்டார். மூத்தவள் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். புறப்படும்போதும் நெரிசலில் ஊரும்போதும் பெரும்பாலும் மோட்டார் போதும். வேகம் கூடினால் எஞ்சின் விழித்துக்கொள்ளும். மேடு ஏறவோ, லாரியை முந்தவோ வேண்டுமென்றால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். அப்படிச் சேர்ந்த பலம்தான் அவர் மனப்பாடம் செய்த 186 குதிரை சக்தி.

"இதையும் ராத்திரி போன் மாதிரி சார்ஜ் போடணுமா?" என்று கேட்டேன். வேண்டாமாம். பிரேக் போடும்போதும், இறக்கத்தில் உருளும்போதும் வீணாகிற சக்தியைப் பிடித்து, முன் சீட்டுகளுக்கு அடியிலுள்ள பாட்டரியில் தானே சேர்த்துக்கொள்கிறது. வடித்த கஞ்சியைக் கொட்டாமல் எடுத்து வைக்கிற சிக்கனக்காரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

குலுங்காமல் ஒரு சவாரி

கிளம்பும்போதே ஆச்சரியம். தம்பி பட்டனை அழுத்தினான். உறுமல் இல்லை, உதறல் இல்லை. "ஸ்டார்ட் ஆகலையாப்பா?" என்று அத்தை (என் மாமியார்) கேட்டு முடிப்பதற்குள் வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது!

இதில் கிளட்ச் கிடையாது. கியர் மாற்றும்போது வருமே, முன்னும் பின்னுமாக ஓர் ஆட்டம், அது அறவே இல்லை. ஐந்து ரோடு நெரிசலில் நின்று நின்று போனபோதும் மடியில் பிளாஸ்க்கைத் திறந்து அத்தைக்குக் காப்பி ஊற்ற முடிந்தது. ஆனால் ஆக்சிலேட்டரை ஒரேயடியாக அழுத்தினால் எஞ்சின் சத்தம் முதலில் எகிறும். வேகம் அதன் பின்னால் வரும். இந்த மாதிரி கியர் அமைப்புகளுக்கு உள்ள குணம் அது. "மெதுவா அழுத்தினா மெதுவாப் பேசும், அக்கா" என்றான் தம்பி.

பழைய இன்னோவா, லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உடலை உட்கார வைத்த வண்டி. பின் சக்கரங்கள் ஓட்டும். இது சாதாரணக் கார் போல ஒரே கூடாகக் கட்டியது. முன் சக்கரங்கள் ஓட்டுகின்றன. இதனால் நமக்கென்ன லாபம் என்கிறீர்களா? இருக்கிறது. தரை தாழ்ந்து வருகிறது. பழைய வண்டியில் ஏற, கைப்பிடியைப் பிடித்து 'முருகா' என்று ஒரு மூச்சு எடுக்கும் அத்தை, இதில் புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். மூட்டு வலிக்காரர்கள் வீட்டில் 186-ஐவிட இது பெரிய விஷயம்!

எட்டாவது கொண்டை ஊசி

முன்னால் தம்பியும் என் வீட்டுக்காரரும். நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு சொகுசு நாற்காலிகள். ஒன்றில் அத்தை, மற்றதில் குழந்தை சீட் மாட்டி எங்கள் இரண்டு வயதுச் சின்னவன். கடைசி வரிசையில் நான், தம்பி மனைவி, எங்கள் ஒன்பது வயதுப் பெண்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழு பேரைச் சுமந்துகொண்டு வண்டி சிரமமே இல்லாமல் ஏறியது. முன்னாலிருந்து "ஆகா, என்ன இழுப்பு பார்த்தியா!" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. எட்டாவது வளைவில் பெண்ணின் முகம் வெளுத்தது. "அம்மா, வயித்தைப் புரட்டுது..."

எந்த வண்டியானாலும் கடைசி வரிசைக்கு ஆட்டம் அதிகம். பின் சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறோம். எதிரே பாதை தெரியாது. முன் சீட்டின் முதுகுதான் தெரியும். கண் ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று சொல்லும். குமட்டல் வராமல் என்ன செய்யும்?

ஓரமாக நிறுத்தினோம். அத்தையை முன் சீட்டுக்கு மாற்றினோம். பெண்ணை நடு வரிசைக்கு. ஆக, கடைசி வரிசைக்குப் போக வேண்டியவர்? என் வீட்டுக்காரர்தான்! நாற்காலிகளுக்கு நடுவிலிருக்கும் சந்து வழியாகக் குனிந்து போய் உட்கார்ந்தார். மூன்றாவது ஆளாக அவர் வந்ததும் தோளோடு தோள் இடித்தது. முழங்கால் உயர்ந்து நின்றது. "இங்கே ரெண்டு பேருக்குத் தாராளம், மூணு பேருக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்" என்று தானாகவே தீர்ப்புச் சொன்னார். ஏற்காடு போய்ச் சேரும் வரை குதிரை சக்தியைப் பற்றி அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை!

இறங்கும்போது இன்னொரு வேடிக்கை. எஞ்சின் பெரும்பாலும் ஓய்வெடுக்க, பாட்டரி நிரம்புவதைத் திரையில் படமாகக் காட்டியது. பெண் அதையே பார்த்துக்கொண்டிருக்க முயன்றாள். "வேண்டாம்மா, வெளியே மலையைப் பாரு" என்றேன். ஓடும் வண்டியில் திரையோ புத்தகமோ பார்த்தால் குமட்டல் கூடும்.

மடியில் குழந்தை வேண்டாம்

சின்னவனைக் குழந்தை சீட்டில் கட்டியபோது அத்தை வருத்தப்பட்டார். "ஏம்மா, பச்சைக் குழந்தையை இப்படிக் கட்டிப் போடறியே! நான் மடியில வச்சுக்க மாட்டேனா?"

நான் பதில் சொல்லவில்லை. என் பெண்ணின் தலையைக் கோதி, நெற்றி ஓரம் முடியை ஒதுக்கிக் காட்டினேன். அங்கே ஒரு தழும்பு இருக்கிறது. நான்கு தையல். அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது, எங்கள் சின்னக் காரில், முன் சீட்டில் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. இவர் பிரேக் போட்டார். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் குழந்தை என் கையை விட்டுப் போய் டாஷ்போர்டில் மோதினாள். வேகம் ஒன்றும் அதிகமில்லை. இன்றைக்கும் அவளுக்குத் தலை பின்னும்போதெல்லாம் என் விரல் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கிறது.

வேகமாகப் போகும் வண்டி மோதி நின்றால், பத்துக் கிலோ குழந்தை சில நூறு கிலோ கனத்தோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. முன் சீட்டில் மடியிலிருக்கும் குழந்தைக்கு, விரியும் ஏர்பேக்கே ஆபத்து. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு பெல்ட்டோ, குழந்தை சீட்டோ கட்டாயம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதம் கிடக்கட்டும், தழும்பு வேண்டாமே!

இந்த வண்டியின் நடு வரிசையில் குழந்தை சீட்டைக் கொக்கியிட்டுப் பூட்ட 'ஐசோஃபிக்ஸ்' வளையங்கள் இருக்கின்றன. 2025-ல் பாரத் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரமும் வாங்கியிருக்கிறது. ஆனால் பெல்ட் போடாதவருக்கு அந்த நட்சத்திரங்களால் பயனில்லை.

சத்தமில்லாத வண்டி, ஜாக்கிரதை!

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். எஞ்சின் ஓசை இல்லாததால், வாசலில் விளையாடும் குழந்தைக்கு வண்டி நகர்வது காதில் விழாமல் போகலாம். வண்டியை எடுக்குமுன் எல்லாக் குழந்தைகளும் கண்ணில் படுகிறார்களா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நிறுத்திய பிறகு, 'சத்தமில்லையே, அணைந்துவிட்டது' என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். விளக்கைப் பார்த்து, பட்டனை அழுத்தி அணைத்து, சாவியைக் கையோடு எடுத்து வாருங்கள். அணைக்காமல் மூடிய ஷெட்டில் விட்டால் பாட்டரி குறையும்போது எஞ்சின் தானே ஓடத் தொடங்கும்; அதன் புகை உயிருக்கே உலை. ஏ.சி. போட்டுக் குழந்தையை உள்ளே தூங்க விட்டுப் போவதும் கூடவே கூடாது.

நோட்டுப் புத்தகக் கணக்கு

ஊருக்குத் திரும்பியதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். இதே வண்டி ஹைபிரிட் இல்லாத சாதாரணப் பெட்ரோல் மாடலாகவும் வருகிறது. சோதனைக் கணக்குப்படி ஹைபிரிட் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர், சாதாரணம் 16.13. 2022 டிசம்பரில் விலை அறிவித்தபோது, ஷோரூம் விலையாகச் சாதாரண மாடல் 18.30 லட்சத்திலும் ஹைபிரிட் 24.01 லட்சத்திலும் தொடங்கின. வித்தியாசம் 5.71 லட்சம்.

நாங்கள் மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுவோம். ஹைபிரிட்டில் மிச்சமாவது சுமார் 11 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால், வருஷத்துக்கு 13,700 ரூபாய் சுமார். அந்த 5.71 லட்சம் திரும்ப வர நாற்பது வருஷத்துக்கு மேல்! சின்னவனுக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தியே பள்ளிக்கூடம் போவார்கள்!

தம்பி துணி வியாபாரி. மாதம் 3,000 கிலோமீட்டர் சுற்றுகிறான். அவனுக்கு வருஷம் 68,000 ரூபாய் மிச்சம். எட்டரை வருஷத்தில் கணக்கு நேராகிவிடும். நகர நெரிசலில் அதிகம் ஓட்டுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம், ஏனென்றால் நின்று நின்று போகும்போதுதான் ஹைபிரிட்டின் சிக்கனம் நன்றாகத் தெரியும். விலை கூடின மாடலில் பலமும் வசதிகளும் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே 'மைலேஜுக்காக' என்று மட்டும் யாராவது சொன்னால், நோட்டை எடுங்கள்.

ஷோரூமுக்குப் போகுமுன்

* வீட்டிலுள்ள அத்தனை பேரையும் அழைத்துப் போங்கள். பெரியவர்களை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் நீங்களே கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரு சுற்று வாருங்கள்.
* ஏழு சீட்டும் விரித்திருக்கும்போது பின்கதவைத் திறந்து பாருங்கள். ஏழு பேர் ஏறினால் ஏழு பெட்டி ஏறாது.
* நீளம் 4,755 மில்லி மீட்டர், அதாவது பதினைந்தரை அடி. அகலம் ஆறடிக்குச் சற்று மேல். உங்கள் கேட்டையும் தெரு முனையையும் அளந்துகொள்ளுங்கள்.
* ஏர்பேக்குகளின் எண்ணிக்கை மாடலுக்கு மாடல் மாறலாம். வாங்கும் மாடலில் எத்தனை என்று எழுதி வாங்குங்கள்.
* பாட்டரிக்கு எத்தனை வருஷ உத்தரவாதம், அதன் காற்றுத் துவாரம் எங்கே என்று கேளுங்கள். துவாரத்தைப் பையால் அடைக்காதீர்கள். ஆரஞ்சு நிற ஒயர்களைத் தெருமுனை மெக்கானிக் தொடக்கூடாது.

கடைசியில் வண்டி வாங்கினீர்களா என்றுதானே கேட்கிறீர்கள்? இல்லை. நோட்டைப் பார்த்துவிட்டு அவரே விளம்பரப் புத்தகத்தை மூடிவிட்டார். ஏழு பேராகப் போவது வருஷத்தில் இரண்டு தடவை; அதற்கு ரயில் இருக்கிறது, வாடகை வண்டி இருக்கிறது. ஆனால் அந்த வாரமே பழைய காருக்கு ஒரு குழந்தை சீட் வாங்கினோம். சின்னவனை அதில் உட்கார வைத்துப் பெல்ட்டை 'க்ளிக்' என்று பூட்டியவர் யார் தெரியுமா?

அத்தைதான்!