தீர்ப்புச் சொல்பவர்கள் – 9: இருபத்தெட்டாவது அவுட்

1992 நவம்பர், டர்பன் டெஸ்ட். சச்சின் டெண்டுல்கர் ரன் அவுட்டா இல்லையா என்பதை மூன்றாவது அம்பயர் கார்ல் லீபென்பர்க் டி.வி. பார்த்துச் சொன்னார். நூலிழை ரன் அவுட்டுக்குக் கிரிக்கெட் அன்றே ஒரு வழி கண்டுவிட்டது. அமெரிக்காவின் பேஸ்பால் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது 2014-ல்தான். அதற்குள் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும். இரண்டும் முதல் பேஸில் நடந்தவை. இரண்டிலும் அம்பயரைக் கைவிட்டது கண் அல்ல, காது என்பதே என் கணிப்பு.

தரையோடு உருளும் பந்தை அடித்த பேட்டர், முதல் பேஸுக்கு 90 அடி ஓட வேண்டும். வேகமானவருக்கு நான்கு விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதற்குள் பந்து, பேஸை மிதித்து நிற்கும் ஃபீல்டரின் கிளவுஸுக்குள் போய்விட்டால் பேட்டர் அவுட். அவரைத் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை.

சிக்கல் எங்கே என்றால், கால் படுவது ஓரிடம், பந்து விழுவது வேறிடம். ஃபீல்டர் கையை முழுக்க நீட்டிப் பிடிக்கிறார். கிளவுஸ் பேஸிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக்கூட இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் எந்தக் கண்ணாலும் கூர்ந்து பார்க்க முடியாது. அதனால் அம்பயர்களுக்குக் காலங்காலமாகச் சொல்லித் தரும் முறை இதுதான்: கண்ணைப் பேஸில் வை, பந்தைக் காதால் கேள். பந்து தோலில் அறையும் ‘பட்’ என்ற சத்தம் முதலில் வந்ததா, கால் முதலில் பட்டதா?

ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவரின் காதுக்கு அந்தச் சத்தம் வர விநாடியில் நூறில் ஒன்றரைப் பங்கு ஆகும். ஓடி வருபவர் அதற்குள் ஏறக்குறைய அரைச் சாண் முன்னேறிவிடுவார். பழகிய அம்பயர்கள் இதை அனுபவத்தில் சரிக்கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் சத்தமே கேட்காவிட்டால்?

1985 அக்டோபர் 26, கான்சஸ் சிட்டி. உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 1–0 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் மூன்று அவுட் எடுத்தால் கோப்பை. கான்சஸ் சிட்டியின் ஹோர்ஹே ஓர்ட்டா அடித்த பந்தை எடுக்க முதல் பேஸ்மேன் ஜேக் கிளார்க் பேஸை விட்டு வந்தார். காலியான பேஸுக்கு பிட்சர் (பந்து வீசுபவர்) டாட் வொரல் ஓடினார். கிளார்க் மெதுவாகத் தூக்கிப் போட, வொரல் பிடித்தார். அம்பயர் டான் டென்கிங்கர் ‘சேஃப்’ என்றார். ரீப்ளேயில் தெளிவான அவுட். கான்சஸ் சிட்டி அன்று 2–1 என்று ஜெயித்து, மறுநாள் கோப்பையையும் வாங்கியது. டென்கிங்கருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் பிற்பாடு சொன்ன விளக்கம் முக்கியமானது: வொரல் உயரமானவர், பந்தும் மேலே வந்தது, கிளவுஸையும் காலையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை, மெதுவான எறி, ரசிகர்களின் கூச்சல் வேறு, பந்து விழுந்த சத்தம் கேட்கவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2010 ஜூன் 2, டெட்ராய்ட். டைகர்ஸின் பிட்சர் அர்மாண்டோ கலராகா, வெனிசுவேலாக்காரர். கிளீவ்லாந்து அணியின் 26 பேட்டர்களை வரிசையாக அவுட்டாக்கியிருந்தார். இருபத்தேழாவது ஆளையும் எடுத்தால் ‘பெர்ஃபெக்ட் கேம்’. 1880-ல் தொடங்கி அதுவரை 20 முறை மட்டுமே நடந்த சாதனை.

ஜேசன் டொனால்ட் பந்தைத் தரையோடு அடித்தார். முதல் பேஸ்மேன் மிகெல் கப்ரேரா வலப்புறம் ஓடி எடுத்தார். காலியான பேஸுக்கு ஓடியவர் கலராகா. அதே காட்சி! பந்து கிளவுஸின் வலைநுனியில் போய்ச் செருகியது. கால் பேஸில் பதிந்தது. டொனால்ட் வந்து சேர ஏறக்குறைய ஓர் எட்டு பாக்கி இருந்தது. அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரு கைகளையும் விரித்தார்: சேஃப். உள்ளங்கையில் அறைந்திருந்தால் வந்திருக்கும் சத்தம் வலைநுனியில் வந்திருக்காது. வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

கலராகா கத்தவில்லை. ஒரு புன்னகையோடு திரும்பிப் போய், அடுத்த பேட்டரை அவுட்டாக்கி, 3–0 என்று ஆட்டத்தை முடித்தார். மொத்தம் 88 பந்துகள், 28 அவுட்கள்.

ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் உடைந்துபோனார். அந்தப் பையனின் சாதனையைத் தானே பறித்துவிட்டதாக நிருபர்களிடம் சொன்னார். கலராகாவை வரவழைத்து, கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். மறுநாள் வர வேண்டாம் என்றால் வராமல் இருக்கலாம் என்றார்கள், வந்தார். அணிப் பட்டியலை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தது கலராகாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாய்ஸ் அதை வாங்கிய காட்சியை டெட்ராய்ட் ரசிகர்கள் கைதட்டி வரவேற்றார்கள். அதே மாதம் இ.எஸ்.பி.என். இதழ் 100 வீரர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், சிறந்த அம்பயர் என்று வந்த பெயரும் ஜிம் ஜாய்ஸ்தான். திறமையில்லாதவர் செய்த தவறு என்று யாரும் இதை ஒதுக்கிவிட முடியாது.

2014 முதல் பேஸ் தீர்ப்புகளையும் மேனேஜர்கள் எதிர்த்துக் கேட்கலாம். நியூயார்க்கில் உட்கார்ந்து வீடியோவில் சரிபார்க்கிறார்கள். முதல் ஆண்டில் பரிசீலனைக்குப் போனவற்றில் கிட்டத்தட்டப் பாதி மாற்றப்பட்டன.

கலராகாவுக்கு மட்டும் நியாயம் கிடைக்கவில்லை. தீர்ப்பை மாற்ற அன்றைய கமிஷனர் பட் செலிக் மறுத்தார். ஒன்றை மாற்றினால் பழைய தவறுகள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும் என்பது அவர் முடிவை ஆதரித்தவர்கள் சொன்ன வாதம். நான் ஏற்கவில்லை. 1985-ஐத் திருத்தினால் கோப்பையே கைமாறும். இங்கே யாருக்கு நஷ்டம்? அடுத்த பேட்டரும் அவுட், ஆட்ட முடிவும் அதேதான். பதிவேட்டில் கைவைப்பதும் புதிதல்ல: 1991-ல் ஒரு குழு, எதிரணிக்கு ஒரு ‘ஹிட்’கூடக் கொடுக்காத ‘நோ ஹிட்டர்’ ஆட்டத்துக்குப் புது வரையறை எழுதி, சுமார் ஐம்பது பழைய ஆட்டங்களை ஒரே நாளில் பட்டியலிலிருந்து நீக்கியது. நீக்க முடிந்தவர்களால் ஒன்றைச் சேர்க்கவும் முடியும். சேர்க்க வேண்டும், கலராகாவுக்காக மட்டுமல்ல, ஜாய்ஸுக்காகவும்.

(தொடரும்)