ஊழியர் சுற்றுலா: கித்துல்கலைக்கு முற்பணம் கட்டுமுன்

கடை ஊழியர்களை வருடத்தில் ஒரு நாளாவது சுற்றுலா அழைத்துச் செல்லும் நல்ல வழக்கம் எமது வியாபாரிகள் பலரிடம் உண்டு. இளைஞர்கள் அதிகமுள்ள கடையென்றால் கித்துல்கலைக்குப் போய் இறப்பர் படகில் ராஃப்டிங் செய்ய வேண்டும் என்பார்கள். இவ்வாறான பயணங்களை ஒழுங்கு செய்து கொடுக்கும் என்னிடம் முதலாளிமார் முதலில் கேட்பது, "தலைக்கு எவ்வளவு?" என்பதையே. ஆற்றில் நீர் எவ்வளவு என்று கேட்பவர் குறைவு.

ஆற்றின் வேகத்தை உலகெங்கும் 1 முதல் 6 வரை தரப்படுத்துகிறார்கள். 1 என்பது சிற்றலை மட்டுமே. 2இல் அலையிருந்தாலும் போகும் வழி தெளிவாகத் தெரியும். 3இல் அலைகள் ஒழுங்கின்றி வரும். எல்லோரும் சேர்ந்து துடுப்புப் போட்டால்தான் பாறையை விலக்கிச் செல்லலாம். 4உம் 5உம் பழகியவர்களுக்குரியவை. 6இல் பெரும்பாலும் எவரும் இறங்குவதில்லை. கித்துல்கலையில் களனி கங்கை சாதாரண நாட்களில் 2, 3 தரத்தில் ஓடுகிறது. முதன்முறை வருபவர்களையும் அங்கு ஏற்றிக்கொள்வது இதனால்தான்.

ஆனால் நீர் கூடினால் அதே இடத்தின் தரமும் ஏறிவிடும். மே முதல் செப்டம்பர் வரையான தென்மேல் பருவ மழை இப்பகுதியில் பலமாகப் பெய்யும். போதாததற்கு, மேலேயுள்ள நீர்மின் நிலையங்களிலிருந்து திறந்துவிடப்படும் நீரையும் பொறுத்தே மட்டம் கூடிக் குறைகிறது. கித்துல்கலையில் வெயிலடித்தாலும் மலையில் மழை பெய்திருக்கலாம். இந்தியாவின் ரிஷிகேஷில் மழைக்கால மாதங்களில் கங்கையில் ராஃப்டிங்கை நிறுத்தியே விடுகிறார்கள்.

எனவே இறங்குவதா இல்லையா என்பதை அன்று காலை ஆற்றைப் பார்த்து வழிகாட்டியே தீர்மானிக்க வேண்டும். இங்கேதான் பணம் குறுக்கே வருகிறது. முழுத்தொகையையும் முன்கூட்டியே கட்டிய முதலாளி, "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று வற்புறுத்துவார். வருமானத்தை இழக்க விரும்பாத படகுக்காரரும் சில வேளை இணங்கிவிடுவார். ஆகவே நான் சிறிய முற்பணமே கட்டுவேன். நீர் கூடி ரத்தானால் அப்பணம் வேறொரு திகதிக்குச் செல்லும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வேன். இதற்கு மறுப்பவரிடம், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் ஆட்களை ஒப்படைப்பதில்லை.

ஆட்கணக்கும் முக்கியம். படகொன்றுக்கு 6 பேர் என்றால் 30 பேருக்கு 5 படகுகள் தேவை. அவரிடம் 3 தான் இருந்தால் இரண்டு சுற்றுப் போக வேண்டும், பகலுணவு பின்னேரமாகிவிடும். ஏறுமிடமும் இறங்குமிடமும் வேறு என்பதால் வாகனம் கீழே காத்திருக்க வேண்டும்.

எந்தப் பகுதியில் இறங்குவது என்பதைக் குழுவில் ஆகப் பயப்படுபவரை வைத்தே தெரிவு செய்யுங்கள். நீச்சல் தெரியாதவர், இருதய நோயுள்ளவர் யார் என்பதைக் கடையிலேயே விசாரித்து வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். வர விரும்பாதவரைக் கேலி செய்து ஏற்றக்கூடாது. உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் அளவாக இருக்கின்றனவா என்று ஒவ்வொருவராகப் பாருங்கள். தவறி விழுந்தால் எழுந்து நிற்க முயலக்கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். இதைப் படகேறுமுன் வழிகாட்டி சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஊழியர்களுக்கு நீங்கள் எடுத்துள்ள விபத்துக் காப்புறுதி ஆற்று விளையாட்டுக்கும் செல்லுபடியாகுமா என்பதை, முற்பணம் கட்டும் முன்பே முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.