ஒரு கேசட்டின் விலை



விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருந்தாலும், நான் எடுத்துக்கொண்ட பொருள் விளையாட்டன்று, அதன் விலை. 1995-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜப்பான் நாட்டுக் கடைகளுக்கு 'டிராகன் குவெஸ்ட்' என்னும் வீடியோ விளையாட்டின் ஆறாம் பாகம் வந்து சேர்ந்தது. கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. விலை 11,400 யென். அன்றைய செலாவணிக் கணக்கில் ஏறத்தாழ 4,000 ரூபாய். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2000-ஆம் ஆண்டில், அதே தொடரின் ஏழாம் பாகம் வெளிவந்தது. முன்னதைக் காட்டிலும் மிக நீண்ட விளையாட்டு அது. அதன் விலையோ 7,800 யென். சரக்கு பெருத்தது, விலை இறங்கியது. விலைவாசி ஏறுவதையே கண்டு பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆயின் காரணம் எளியது. விளையாட்டை அடைத்து வைத்திருந்த பாத்திரம் மாறிவிட்டது.

அந்தப் பழைய பாத்திரத்திற்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். நம் நாட்டுச் சிறுவர்கள் அதைக் கேசட் என்றே அழைத்தார்கள். ஜப்பானியச் சிறுவர்களும் அப்படியே 'கசெட்டோ' என்றார்கள். இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே பெயரைச் சூட்டியது வேடிக்கைதான். பாட்டுக் கேசட்டில் இருக்கும் நாடா இதில் கிடையாது. பெட்டியைத் திறந்தால் ஒரு சிறு பச்சைப் பலகையும், அதன்மீது ஒன்றிரண்டு சிலிக்கன் சில்லுகளுமே காணப்படும். வீட்டுக் கருவியில் செருகி எடுக்கக்கூடிய இத்தகைய கேசட்டுகளை முதன்முதலில் கொண்டுவந்தது 1976-இல் அமெரிக்காவில் விற்பனையான 'ஃபேர்சைல்டு சானல் எஃப்' என்னும் கருவி. மறு ஆண்டு அட்டாரி நிறுவனத்தின் கருவி வந்து இம்முறையை வீடுதோறும் பரப்பியது. 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 14,800 யென்னுக்கு 'ஃபாமிகாம்' கருவியை வெளியிட்ட பின்னர், கேசட் என்பது ஒரு பெருவாணிகமே ஆயிற்று.

இந்தச் சில்லின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும்; விலையின் மர்மம் முழுவதும் அதனுள் அடங்கியிருக்கிறது. நாடாவில் பதியலாம், அழிக்கலாம், மீண்டும் பதியலாம். கேசட்டின் சில்லிலோ, சில்லு உருவாகும்போதே விளையாட்டும் அதனுள் அமைந்துவிடுகிறது. சிலிக்கன் தகட்டின்மீது நுண்ணிய மின்சுற்றுகளை ஒளியின் உதவியால் வரைவதற்கு ஒரு வார்ப்படம் பயன்படும். விளையாட்டின் ஒவ்வொரு கட்டளையும், ஒவ்வொரு படமும், ஒவ்வொரு இசைக்குறிப்பும் அந்த வார்ப்படத்திலேயே இடம்பெற்றுவிடும். ஓலையில் எழுதுவதற்கும் கல்லில் வெட்டுவதற்கும் உள்ள வேற்றுமையே இங்கும் உள்ளது. ஒரு விளையாட்டுக்காகச் செய்த சில்லு பிறிதொன்றுக்கு உதவாது. வார்ப்படச் செலவு முதலிலேயே வந்து நிற்பதால் ஐந்நூறு, ஆயிரம் என்று சிறு அளவில் செய்வது கட்டுப்படியாகாது. சொல்லியனுப்பிய சரக்கு கைக்கு வரப் பல வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். சில்லின் கொள்ளளவு கூடக்கூட விலையும் கூடும்.

ஆகவே அந்நாளில் விளையாட்டு இயற்றியவர்கள் எழுத்தெண்ணிச் செலவழித்தார்கள். இது வெறும் உவமையன்று. 1986-இல் வந்த டிராகன் குவெஸ்ட் முதற் பாகத்தின் மொத்த அளவு 64 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைப்போல் பல மடங்கு இருக்கும். ஜப்பானிய மொழிக்கு இரண்டு அசையெழுத்து வரிசைகள் உண்டு. அவற்றுள் கதாகனா என்பது அயற்சொற்களை எழுதப் பயன்படுவது. அடிப்படை எழுத்துகள் நாற்பத்தைந்துக்கு மேல். அத்தனை எழுத்தின் வடிவத்தையும் சில்லில் வைக்க இடமில்லாமையால், இருபது எழுத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றால் எழுதக்கூடிய பெயர்களையே அரக்கர்களுக்கும் ஊர்களுக்கும் மந்திரங்களுக்கும் இட்டார்கள். நம்மில் ஒருவர் தமிழில் கதை எழுத அமர்ந்து, காகிதச் செலவு கருதி உயிர்மெய் வரிசையில் பாதியைக் கைவிட்டு, எஞ்சியவற்றால் ஒரு காப்பியத்தையே முடித்தார் என்றால் எப்படி இருக்கும்! 1988-இல் வந்த மூன்றாம் பாகத்தில் இடம் போதாமல் தொடக்க இசையையே எடுத்துவிட்டார்கள். கறுப்புத் திரையில் விளையாட்டின் பெயர் மட்டும் ஓசையின்றித் தோன்றும். நின்டெண்டோவின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே படம்தான். நிறத்தை மாற்றி இரண்டு இடத்திலும் வைத்தார்கள். அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது.

பொருளின் விலை பிள்ளைகளின் உழைப்பாக மாறிய இடமும் உண்டு. விளையாட்டை நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர வேண்டுமானால், கேசட்டினுள் எழுதி அழிக்கக்கூடிய தனிச் சில்லும், அதன் நினைவு அழியாமல் காக்க ஒரு சிறு மின்கலமும் வேண்டும். அவை செலவு. அந்தச் செலவை மீதப்படுத்த, 1987-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு 'மந்திரம்' கொடுத்தார்கள். பொருளற்ற எழுத்துக்கோவை அது. 52 எழுத்து வரை நீளும். பிள்ளைகள் அதை நோட்டுப் புத்தகத்தில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்துப் பிழையானாலும் மறுநாள் மந்திரம் பலிக்காது. பல நாள் உழைப்பு பாழ். மூன்றாம் பாகத்தில் மின்கலம் வந்தது. அதன் விலை முந்தைய பாகத்தைவிட 400 யென் கூடி 5,900 ஆயிற்று. அந்த 400 யென்னை ஜப்பானியச் சிறுவர் எவரும் குறைகூறியிருக்க மாட்டார் என்றே எண்ணுகிறேன்.

அடுத்துப் பாருங்கள். 1990-இல் நான்காம் பாகம் 512 கிலோபைட், 8,500 யென். 1992-இல் ஐந்தாம் பாகம் ஒன்றரை மெகாபைட், 9,600 யென். 1995-இல் ஆறாம் பாகம் 4 மெகாபைட். முதலில் சொன்ன 11,400 யென். முதற் பாகத்தின் விலை 5,500 யென். பத்தாண்டுக்குள் கொள்ளளவு 64 மடங்காகப் பெருக, விலை இருமடங்கு மட்டுமே ஆயிற்று. சில்லு மலிந்துகொண்டேதான் வந்தது. ஆனால் படைப்போரின் ஆசையும் பார்ப்போரின் ஆசையும் அதனினும் விரைவாக வளர்ந்தன. இதற்கும் மேலே ஒரு சிகரம் உண்டு. 1990-இல் வந்த 'நியோ ஜியோ' என்னும் கருவிக்கு ஒரு கேசட்டின் விலை 30,000 யென் அளவில் இருந்தது. அதாவது இரண்டு ஃபாமிகாம் கருவிகளின் விலை. விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரத்தின் அதே விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கான கூலி அது.

சில்லின் விலையோடு கணக்கு முடியவில்லை. கேசட் என்பது முன்கூட்டியே பணம் கட்டி, தேவையை ஊகித்துச் செய்விக்க வேண்டிய சரக்கு. குறைவாகச் செய்தால், விற்பனை சூடுபிடிக்கும் வேளையில் கடை வெறுமையாகும். மிகுதியாகச் செய்தால் மூலையில் தேங்கும். அமெரிக்காவில் நின்டெண்டோவுக்காக விளையாட்டு இயற்றிய பிற நிறுவனங்கள் கேசட்டுகளை நின்டெண்டோவிடமே செய்வித்துக்கொள்ள வேண்டும். ஒரு விளையாட்டுக்குக் குறைந்தது 10,000 கேசட்டுகள் எடுக்க வேண்டும். பணத்தை முன்னதாகக் கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது. அனுமதியில்லாத கேசட் கருவியில் இயங்காதபடி ஒரு காவற் சில்லும் வைத்தார்கள். இந்தக் கெடுபிடிக்கு ஒரு முன்கதை உண்டு. 1983-இல் அமெரிக்கச் சந்தையில் விளையாட்டுகள் அளவுக்கு மீறிக் குவிந்து, முப்பது டாலருக்கு விற்றவை ஐந்து டாலருக்குக் கூடையில் கிடந்தன. அட்டாரி தன் விலைபோகாத கேசட்டுகளை நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ என்னும் ஊரில் குழி தோண்டிப் புதைத்தது. 2014-இல் அங்கே மீண்டும் தோண்டி, அவற்றை எடுத்தும் பார்த்தார்கள்.

தேங்கிய சரக்கின் சுமை இறுதியில் வாங்குபவன் தலையில்தான் வந்து இறங்கும். ஜப்பானில் 1990-இல் டிராகன் குவெஸ்ட் நான்காம் பாகத்திற்கு மக்கள் முண்டியடித்தபோது, மொத்த வணிகர் ஒருவர், விலைபோகாத வேறு கேசட்டுகளையும் சேர்த்து எடுத்தால்தான் இதைத் தருவேன் என்று சில்லறைக் கடைக்காரர்களிடம் நிபந்தனை விதித்தார். அந்நாட்டு வாணிக நேர்மை ஆணையம் 1992-இல் அது முறையற்ற செயல் என்று தீர்ப்பளித்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு சாமான் கேட்டால் இன்னொன்றையும் தலையில் கட்டும் வழக்கம் நம் கடைத்தெருக்களுக்கும் புதிதன்று.

அமெரிக்கக் குடும்பத்தின் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்போம். 1989-இல் அந்நாட்டில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 டாலர் 35 சென்ட். புதிய கேசட் ஒன்று 50 டாலர் என்றால், பதினைந்து மணி நேர உழைப்பு. வாங்குமுன் ஆடிப் பார்க்க வழியில்லை. அட்டைப்படத்தை நம்பி வாங்க வேண்டும். இந்நிலையில் வாடகைக் கடைகள் பெரும் துணையாயின. சில டாலர் கொடுத்து வார இறுதிக்கு எடுத்துவந்து ஆடினார்கள். நின்டெண்டோவுக்கு இது பிடிக்கவில்லை. ஆயினும் கணினி மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டு வீடியோ விளையாட்டுக் கேசட்டுகளுக்கு விலக்கு அளித்தது. ஜப்பானில் வாடகைமுறை வேரூன்றவில்லை. அங்கே பழைய கேசட்டு வணிகமே ஏழைப் பங்காளனாக விளங்கியது. 11,400 யென் கொடுத்து வாங்கி, ஆடி முடித்து, நல்ல விலைக்கு விற்றுவிட்டால், உண்மையான செலவு இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதானே! தயாரிப்பாளர்கள் இதை எதிர்த்து வழக்காடினர்; 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பழைய விளையாட்டுகளை விற்பது சட்டத்திற்கு மாறானதன்று என்று கூறிவிட்டது.

நம் நாட்டில் கதை வேறு வழியில் நடந்தது. 1990-களில் அசல் கருவியும் அசல் கேசட்டும் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாக்கனி. 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' முதலிய பெயர்களில் ஃபாமிகாமின் படிகள் விற்பனையாயின. தில்லியின் பாலிகா பஜாரிலும் சென்னையின் பர்மா பஜாரிலும் ஒரே கேசட்டில் நூறு விளையாட்டு என்று எழுதிய பெட்டிகள் கிடைத்தன. சிலவற்றில் 99,999 என்றும் எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டே வெவ்வேறு விளையாட்டுகள், மற்றவை அவற்றின் மறுபிறவிகள். அவற்றின் மலிவுக்கு இரு காரணங்கள். சில்லுக்கு உறைகூட இடாமல், பலகைமீது நேராக ஒட்டி ஒரு துளிக் கறுப்புப் பிசினால் மூடினார்கள். இயற்றியவருக்கோ ஒரு காசும் போகவில்லை. வெளி மாநிலங்களில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலர், இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அந்த நூற்றுக்கு ஒன்று கேசட்டுகளில்தான் மாரியோவை முதன்முதலில் கண்டார்கள்.

கேசட்டின் ஆட்சியை முடித்தது குறுந்தகடு. 1994 டிசம்பரில் சோனி நிறுவனம் 'பிளேஸ்டேஷன்' கருவியை வெளியிட்டது. தகடு ஒன்றில் 650 மெகாபைட் அடங்கும். ஆறாம் பாகத்தின் கேசட்டைப்போல் நூற்றறுபது மடங்கு. அதை அச்சிட ஓரிரு டாலருக்கு மேல் ஆகாது. விற்றுத் தீர்ந்தால் சில நாட்களிலேயே மீண்டும் அச்சிட்டு அனுப்பலாம். ஆகவே ஊகமும் தேக்கமும் குறைந்தன. ஜப்பானில் அதன் தொடக்ககால விளையாட்டுகளின் விலை பெரும்பாலும் 5,800 யென். நின்டெண்டோ மட்டும் 1996-இல் வந்த தன் புதிய கருவியிலும் கேசட்டையே பற்றிக்கொண்டிருந்தது. கேசட்டில் காத்திருக்க வேண்டுவதில்லை, திருட்டுப் படி எடுப்பது அரிது என்பன அதன் வாதங்கள், இரண்டும் உண்மையே. ஆனால் 1994-இல் 11,400 யென் கேசட்டாக வந்த 'ஃபைனல் ஃபேன்டசி' ஆறாம் பாகத்தை இயற்றியவர்கள், 1997-இல் ஏழாம் பாகத்தை மூன்று தகடுகளில் 6,800 யென்னுக்குச் சோனியின் கருவியில் வெளியிட்டார்கள். டிராகன் குவெஸ்டும் அவ்வழியே சென்றது.

இன்று பெரும்பாலான விளையாட்டுகள் இணையத்தின் வழியே இறங்குகின்றன. பாத்திரமே இல்லை, ஆயினும் விலை 70 டாலர் வரை செல்கிறது, 2025-இல் ஒன்று 80 டாலரையும் தொட்டது. 1990-இன் 50 டாலர் இன்றைய மதிப்பில் 120 டாலருக்குச் சமம் என்பதால், விலை ஏறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் இறக்கிய விளையாட்டை அண்டை வீட்டுப் பிள்ளைக்கு இரவல் கொடுக்கவோ, ஆடி முடித்தபின் விற்கவோ பொதுவாக இயலாது. அந்த வகையில் பழைய கேசட் ஒரு சொத்து. 'கேம் போய்' காலத்துக் கேசட்டுகளுக்கும் ஃபாமிகாம் கேசட்டுகளுக்கும் தோக்கியோவின் அகிஹபாராக் கடைகளில் இன்றும் கிராக்கி இருக்கிறது. அவற்றை வாங்குவோர் உள்ளேயிருக்கும் மின்கலத்தில் உயிர் இருக்கிறதா என்றும் பார்ப்பதுண்டு. இல்லையென்றால் பெட்டியைத் திறந்து, பழைய கலத்தின் பற்றவைப்பை இளக்கி எடுத்து, புதியதைப் பொருத்த வேண்டும். முதலில் ஆடிய சிறுவன் சேமித்து வைத்திருந்த விளையாட்டு அதற்குள் அழிந்து போயிருக்கும்.